கண் திறக்காத படம்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரெங்கசாமி தீட்டிய நாடகத் திரைகளுக்குத் தனிப் பெயர் இருந்தது. அவர் வரைந்த ஆற்றில் ஒரு கொக்கு வந்து மீன் தேடியது என்பார்கள். அந்தக் கொக்கை நான் பார்க்கவில்லை. அதனால் பொய் என்றும் சொல்ல மாட்டேன்.

1928இல் கோலாலம்பூருக்கு ஓர் ஐரோப்பிய நடனக் குழு வந்தது. பாலே நடனமாம். "பால் மட்டும்தானா, தயிர் கிடையாதா?" என்று கேட்டவர்களும் உண்டு. கப்பலில் உடைப்பெட்டி ஒன்று நனைந்து பாழாகிவிட்டதால் நாயகிக்குப் புது உடை வேண்டியிருந்தது. இந்திய இளவரசி வேடம். மாதிரிப் படம் வரைய ரெங்கசாமியைக் கூட்டிப்போனவர் ரயில்வேயில் கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணி சிவசம்பு.

ஒத்திகையில் அந்த நாயகி கால்விரல் நுனியில் நின்றாள். முகத்தை நிமிர்ந்து பார்க்க ரெங்கசாமிக்கு வெட்கம், பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதுவரை கல்யாணப் பேச்செடுத்தாலே எழுந்து போகிற மனிதர், அன்று வீடு திரும்பும் வழியில் இரண்டு தடவை சாக்கடையில் கால் விட்டார்.

மூன்று நாள் வரைந்தார். குங்குமச் சிவப்பில் ரவிக்கை. மயில்கழுத்து நீலப் பாவாடை, காவடி வளைவுபோல இடுப்பைச் சுற்றி விரிந்து நின்றது. ஓரமெல்லாம் கிளிப்பச்சை. கண்களை மட்டும் வெள்ளையாக விட்டார். படத்துக்குக் கண் திறப்பது கடைசியில்தானே? அந்த உடையில் அவள் தன்னை ஒரு தடவை பார்க்கட்டும், பார்த்த கண்ணை அப்படியே எழுதிவிடலாம் என்று ஆசை. அதற்குள் சிவசம்பு அவசரமாகப் படத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஆட்டத்தன்று ரெங்கசாமிக்கு முன்வரிசையில் இடம். திரை விலகியது. அதே சிவப்பு, அதே நீலம். ஆனால் அவள் கண்களின் மேல் வெள்ளைப் பட்டு நாடா! கண் இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக இருக்கவே, அதுவும் உடையில் சேர்த்தி என்று தைத்தவர்கள் நினைத்துவிட்டார்கள். மேடை ஓரம்வரை வந்து, அவருக்கு நேர் எதிரே, விரல் நுனியில் நின்றாள். ரெங்கசாமி நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். நாடா அவிழவில்லை. சபை கைதட்டியது.

மறுநாள் சிவசம்பு சிரித்துக்கொண்டே வந்தார்.

"என்ன காணும், கண்ணைக் கட்டினதுதான் திறம் எண்டு குழுவின்ர துரை சொன்னவர். திரும்பி வந்தால் உம்மட்டத்தான் படம் கேப்பாராம்."

"அவங்க எங்கய்யா இப்ப?"

"காலமை ரயிலிலை சிங்கப்பூருக்குப் போயிட்டினம்."

ரெங்கசாமி தூரிகையைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"அடுத்த தடவை கண்ணை முதல்லயே போட்டுடறேன். என்ன நிறம்னு மட்டும் விசாரிச்சுச் சொல்லுங்க."

"நல்ல கதை! நீர்தானே முன்னுக்கு இருந்தனீர்?"

"நான் பார்த்தது நாடாவைத்தானேய்யா. அதுவும் நான் போட்டது."