அத்தர் பஞ்சு வைத்த காது

2004-ஆம் வருடம், எனக்குக் கல்யாணமான புதிது. தாம்பரம் மார்க்கெட்டில் இருந்த அத்தாவின் - அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம் - செருப்புக்கடையை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போகும்போது, அத்தர் தொட்ட பஞ்சைக் காது மடலின் மடிப்பில் செருகிக்கொள்வது எங்கள் வீட்டு ஆண்களின் வழக்கம். நான் மட்டும் தினமும் வைத்தேன். அதுவும் மடிப்பில் இல்லை, இடது காதின் துளைக்குள்ளேயே. பக்கத்துக் கடை நண்பன் சும்மா விடுவானா? "இன்னா மச்சான், புது மாப்ள ஆனதுலேர்ந்து மார்க்கெட்டே மணக்குது!" என்று ஓட்டுவான். நானும் சிரித்து வைப்பேன்.

விஷயம் வேறு. சின்ன வயதிலிருந்தே அந்தக் காதில் சீழ் வரும், நிற்கும், மறுபடியும் வரும். சொட்டு மருந்திலேயே காலத்தை ஓட்டிவிட்டேன். கல்யாணம் நெருங்கிய நேரத்தில் அது நாற ஆரம்பித்துவிட்டது. புதுப்பெண் முகத்தைச் சுளித்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில்தான் அவ்வளவு அத்தரும்.

ஒருநாள் காலையில் டீயைக் கையில் கொடுத்துவிட்டு, "ஏங்க, அந்தப் பஞ்சை எடுத்துடுங்க. டாக்டர்கிட்ட போலாம்" என்றாள் என் மனைவி. "எனக்கு மொத நாளே தெரியும். நீங்களே சொல்லுவீங்கன்னு பார்த்தேன்." நான் டீயைக் கீழே வைத்துவிட்டுப் பஞ்சை உருவினேன்.

குரோம்பேட்டையில் ஒரு காது டாக்டர், சீழை உறிஞ்சி எடுத்துவிட்டு மைக்ரோஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்தார். பிறகு ஸ்கேன் எடுத்துவரச் சொன்னார். அதைப் பார்த்ததும், "இதுக்குப் பேரு கொலஸ்டியட்டோமா. கேன்சர் இல்ல, பயப்படாதீங்க. செவிப்பறைக்குப் பின்னால தோல் ஒரு பை மாதிரி வளர்ந்து எலும்பை அரிச்சுக்கிட்டிருக்கு. மருந்துக்குக் கேக்காது, ஆபரேஷன்தான். முகத்தை அசைக்கிற நரம்பு வரைக்கும் வந்துடுச்சு. விட்டா வாய் கோணிடும், மூளைக்கும் போகலாம்" என்றார். ஆபரேஷனிலேயே அந்த நரம்பில் அடிபட வாய்ப்பு உண்டு, அந்தக் காதின் கேட்கும் திறன் பெரும்பாலும் போய்விடும் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

திரும்பும்போது மின்சார ரயிலில் ஏறி உட்கார்ந்தோம். கல்யாணமாகி மூன்று மாதத்தில் கோணல் வாயும் செவிட்டுக் காதுமாக இவள் முன்னால் நிற்கப்போகிறேனே என்ற நினைப்பே ஓடிக்கொண்டிருந்தது. என் இடப்பக்கம் இருந்தவள் ஏதோ சொன்னாள். இரைச்சலில் கேட்கவில்லை. எழுந்தாள், என் வலப்பக்கம் வந்து உட்கார்ந்தாள். "நான் பேசறதுக்கு ஒரு காது போதும்ங்க" என்றாள்.

காதுக்குப் பின்னால் கிழித்து, எலும்பைக் குடைந்து, மொத்தத்தையும் வழித்தெடுத்தார்கள். மயக்கம் தெளிந்தபோது தலை முழுக்கக் கட்டு. டாக்டர் குனிந்து, "கண்ணை இறுக்கி மூடுங்க. ம்... இப்பப் பல்லைக் காட்டிச் சிரிங்க" என்றார். அரைத் தூக்கத்தில் சிரித்தேன். கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தவள் குலுங்கி அழுதுவிட்டாள். போச்சு, கோணிவிட்டது என்றே நினைத்தேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் வலப்பக்கம் வந்து குனிந்தாள். "நேராத்தாங்க இருக்கு" என்றாள்.

இடது காது இப்போது பேருக்குத்தான். வெள்ளிக்கிழமைகளில் மட்டும், மடிப்பில் மட்டும் அத்தர் பஞ்சு வைக்கிறேன். இன்றைக்கும் தெருவில் நடந்தாலும் ரயிலில் உட்கார்ந்தாலும், அவள் சொல்லாமலே என் வலப்பக்கம் வந்துவிடுகிறாள். ஒவ்வொரு முறையும் எனக்கு அந்தக் குரோம்பேட்டை ரயில்தான் ஞாபகத்துக்கு வருகிறது.