அக்கா என் வகுப்பில் உட்கார்ந்த வருடம்

ஆறாம் வகுப்புக்குப் போக வேண்டிய அக்கா, அந்த வருடம் என்னோடு ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்தாள். கேட்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அக்கா சக்கர நாற்காலியில் வருகிறவள். எங்கள் பள்ளியில் ஐந்து வரை கீழே, ஆறு முதல் மாடியில். கீழே விருந்தாளிகளுக்கென்று ஓர் அறை பூட்டியே கிடந்தது. பொள்ளாச்சிப் பக்கத்தில் யாரும் யாரையும் விரட்ட மாட்டார்கள். தலைமையாசிரியை அம்மாவை உட்காரவைத்து, காபி வரவழைத்து, "பாப்பாவுக்குப் படியேறச் சிரமமுங்க. கீழயே தங்கச்சிகூட இருக்கட்டுங்க, பொறகு பாத்துக்கலாமுங்க" என்றார். இத்தனை 'ங்க' போட்டால் அநியாயம்கூட உபசாரமாகிவிடுகிறது. அம்மா காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டாள்.

எனக்கோ தலைகால் புரியவில்லை. வேறு யாருடைய அக்கா வகுப்புக்குள்ளேயே வந்து உட்கார்ந்தாள்? டீச்சர் எங்கள் நோட்டுகளை அவளிடம் தள்ளிவிட்டு வெளியே போய்விடுவார். மாடியிலிருந்து அறிவியல் பாடம் லேசாகக் கேட்கும்போது அக்கா எங்களை அதட்டி வாயை மூடச் சொல்வாள். ரொம்பக் கண்டிப்பானவள் என்று ஊரெல்லாம் பெருமையடித்தேன்.

ஐந்தாம் வகுப்பில் முதலாவதாக வந்தவள், ஆறாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வில் அறிவியலில் பெயில். "படிப்பு ஏறலீங்க, பாவம்" என்றார் தலைமையாசிரியை. அன்றைக்குத்தான் அம்மாவுக்குக் கோபம் மூண்டது.

"பாடத்த மாடில வெச்சுப்போட்டுப் புள்ளையக் கீழ வெச்சா எப்படீங்க ஏறும்? சட்டம் இருக்குதுங்க. எல்லாப் புள்ளைகளோடவும் சேத்துத்தான் படிக்க வெக்கோணும். வகுப்பக் கீழ கொண்டாங்க. இல்லீன்னா திங்கக்கெழம கலெக்டர் ஆபீஸ்ல நிப்பேனுங்க."

விருந்தாளி அறை திறந்தது. பெஞ்சுகளை இறக்கினார்கள், போர்டை மாட்டினார்கள். மதியச் சாப்பாட்டுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இந்த அரை நாள் வேலைக்குத்தான் அவளுக்கு ஒரு காலாண்டே பாழாய்ப் போனது. மனசில்லை, வேறென்ன?

அக்கா தன் நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் வாசலில் புரண்டு அழுதேன். என் அக்காவைப் பிடுங்கிக் கொடுத்துவிட்டாள் என்று அம்மாவோடு டூ விட்டேன். தலைமையாசிரியைதான் என்னைத் தூக்கி, கண்ணைத் துடைத்து, "அழுவாத கண்ணு, இதுக்குத்தானே நான் அப்பவே சொன்னேன்" என்றார்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் அவர் ஒருவர்தான் நல்லவர் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.