அர்வோவின் நான்கு கோடி இலக்கம்

அர்வோ நிஸ்காலாவைப் போன்ற பிடிவாதக்காரனை மினசோட்டாவின் இரும்புச் சுரங்க ஊர்களில் சல்லடை போட்டுத் தேடினாலும் கிடைக்காது. சுரங்கத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன், மிச்ச வாழ்க்கையை ஒரே ஓர் எண்ணிடம் கொடுத்துவிட்டான். இரண்டை இரண்டால் கோடிக்கணக்கான தடவை பெருக்கி, ஒன்றைக் கழித்தால் வரும் எண். நான்கு கோடி இலக்கம். ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் வகுபடாத பகா எண்ணா அது என்பதுதான் கேள்வி. ஆமென்றால், அந்த எண்ணுக்குப் பக்கத்தில் என்றைக்கும் அவன் பெயர் நிற்கும்.

நுரையீரல் கெட்டு டாக்டர் கையை விரித்ததும் வீட்டுக்கு வந்தவன், கம்ப்யூட்டரை அதன் சக்திக்கு மீறி முடுக்கிவிட்டான். சாவதற்குள் விடை வேண்டும். அப்படி முடுக்கிய இயந்திரம் ஓரிடத்தில் சறுக்கினாலும் கணக்கு முழுக்கப் பாழ் என்பது, பெரிய பகா எண்களைத் தேடும் எங்களைப் போன்ற எண் வேட்டைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும். தெரிந்தே செய்தான் என்ற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கணக்கின் கடைசியில் பூஜ்யம் மிஞ்சினால் பகா எண். அவனுக்கு வேறேதோ மிஞ்சியது. வழியில் பிழை நேர்ந்தது என்ற எச்சரிக்கையும் கூடவே வந்தது.

"பிழைன்னு வந்திருக்கே ரைமோ, அப்ப அது பகா எண்ணா இருக்கலாம்ல?" என்றான், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு.

"இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அவசரக்குடுக்கை, உன்னை யாருடா முடுக்கச் சொன்னா?"

"நீ திருப்பிப் போட்டுப் பாரு. உன் மெஷின் உன்னை மாதிரியே, நிதானமா ஓடும்."

"வாரக்கணக்கா ஆகும்டா."

"நான் எங்க போயிடப் போறேன்" என்றான்.

எங்கள் வழக்கமும் அதுதான். ஒருவன் போட்ட கணக்கை இன்னொருவன் தன் இயந்திரத்தில் போட வேண்டும். இருவருக்கும் ஒரே மிச்சம் வந்தால்தான் ஏற்பார்கள். நான் போட்டேன். தினமும் போன் செய்து எவ்வளவு முடிந்தது என்று கேட்பான். குரல் தேய்ந்துகொண்டே வந்தது. என் இயந்திரத்தையும் முடுக்கிவிடலாமா என்று கை பரபரத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பாதி தாண்டியதும் போன் நின்றுவிட்டது.

அடக்கமெல்லாம் முடிந்த பிறகு விடை வந்தது. அவனுடைய மிச்சம் தப்பு. ஆனால் என்னுடையதும் பூஜ்யம் இல்லை; மூன்றாவதாக ஒருவர் போட்டுப் பார்த்தபோதும் என் மிச்சமே வந்தது. அவன் மனைவி ஐலாவிடம் போய்ச் சொன்னேன். முன்னால் வைத்த காபியை நான் தொடவில்லை.

"அப்ப அது எதாலயோ வகுபடும்" என்றாள்.

"ஆமா."

"எதால?"

"தெரியாது. வகுபடும்னு மட்டும்தான் இந்தக் கணக்கு சொல்லும். எதாலன்னு இன்னும் யாருக்கும் தெரியாது."

"தேட முடியாதா?"

"தேடலாம். நம்ம ஆயுசு பத்தாது, ஐலா."

"கண்டுபிடிச்சா, அந்த எண்ணுக்குப் பக்கத்துல பேரு போடுவாங்களா?"

"போடுவாங்க."

அவள் அர்வோவின் கம்ப்யூட்டர் மீதிருந்த தூசியைக் கையாலேயே துடைத்தாள்.

"அர்வோ பேருலயே ஆரம்பிச்சுடு" என்றாள். "மெதுவாவே ஓடட்டும். இப்ப ஒண்ணும் அவசரமில்ல."