கல்லூரிக் கிணற்றுத் தண்ணீர்

உசிலம்பட்டிச் சாலையில் தோழி வாங்கிய அடுக்குமாடி வீட்டில் பால் காய்ச்சினார்கள். போன இடத்தில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்தவள் அப்படியே நின்றுவிட்டேன்; அவ்வளவு இனிப்பு.

"போர்த் தண்ணி இல்ல, உள்ளயே பழைய கெணறு இருக்கு" என்றாள் தோழி.

நான் வளர்ந்த சின்னக் கிறிஸ்தவக் கல்லூரி இருந்த இடம் அது. அதைத் தொடங்கிய பாதிரியார் ஜெபக்கூடம் கட்டும் முன்பே கிணறு வெட்டினாராம். புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் நாள் ஜெபம் முடிந்து வரும்போது ஆளுக்கொரு தம்ளர் கிணற்றுத் தண்ணீர் குடிப்பது வழக்கம், அதை இறைத்துக் கொடுப்பவர் விடுதிச் சமையற்காரரான என் அப்பா, உருளையின் கிரீச்சும் ஈரக் கயிற்றின் வாடையும் புளியமர நிழலில் நீளும் வரிசையும் இன்னும் எனக்குள் இருக்கின்றன. பிறகு ஒரு வருடம், தாளாளரும் மாணவர்களும் பார்த்திருக்க, அப்பா ஒரு வாய் குடித்துத் துப்பினார்.

"உப்புக் கரிக்குதுய்யா."

சமையற்காரர் நாக்கை யார் சந்தேகிப்பார்கள்? கிணற்றுக்கு இரும்பு மூடி போட்டுப் பூட்டினார்கள். உப்பு மணக்கிறதா என்று மூடியின் இடுக்கில் மூக்கை வைத்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. தண்ணீர் இல்லாமல் விடுதி காலியானது, கல்லூரி மூடியது, நிலம் கைமாறியது. எங்களுக்கு மட்டும் தாளாளர் வேறு ஊரில் வேலையும் வீடும் கொடுத்தார். அந்த இரக்கத்தை நான் அன்றே நம்பவில்லை.

பாட்டிலில் பிடித்து வந்த தண்ணீரை, எங்கிருந்து என்று சொல்லாமல் அப்பாவிடம் நீட்டினேன். ஒரு வாய் குடித்து, கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்து விழுங்கினார்.

"அந்தக் கெணத்த இன்னும் தூர்க்கலையா பாப்பா?" என்றார்.