கரிக்கு முடி நட்ட கதை

மூன்று வருடம் என் பிழைப்பு கரித்தூளோடுதான். டெல்லியில் ஓர் ஆய்வுக்கூடம். டயருக்கும் அச்சு மைக்கும் போடுகிற அந்த மெல்லிய தூளை டொலுயீன் என்ற கரைப்பானில் கலந்தால், துகள்கள் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு பாட்டிலின் அடியில் போய் உட்கார்ந்துவிடும். ஒவ்வொரு துகள் மேலும் பாலிமர் இழைகளை முடிபோல ஒட்டவைத்தால் அவை நெருங்காது, சீராகப் பரவி மிதந்துகொண்டே இருக்கும்; அதற்குப் பெயர் டிஸ்பர்ஷன். கரிக்கு முடி நட்டுக்கொண்டிருந்தேன். என் தலையில் கொட்டிக்கொண்டிருந்தது.

ஜூலை முழுக்க ஒரு பாட்டில்கூட மறுநாள் காலைவரை தாங்கவில்லை. கரி விற்றவனைத் திட்டினேன், பாலிமரைத் திட்டினேன். பக்கத்து மேசை ஆய்வாளர், மோதி பாக்கில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், ஒருநாள் என் டொலுயீன் கேனை முறைத்தார்.

"இதுல இருக்கற தண்ணிய நீக்கினீங்களா?"

"புது கேன்ங்க."

"அச்சா, புதுசுன்னா ஈரம் வராதா? வெளிய பாருங்க, பாரிஷ் கொட்டுது. உங்க பாலிமர் கரியை விட்டுட்டுத் தண்ணிகூடப் போயிடுது."

எரிச்சலாக வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் கூடுதல் எரிச்சல்.

ஈரத்தை நீக்கி மறுபடி செய்தேன். ஒரு நாள் ஆயிற்று, மூன்று வாரம் ஆயிற்று. அடியில் ஒரு பொட்டுகூடப் படியவில்லை. பிள்ளை பெற்றவன்போல அந்த பாட்டிலையே சுற்றிவந்தேன்.

பிறகு திட்டத்தைப் பரிசீலிக்கக் குழு வந்தது. தலைவர் வெள்ளை சஃபாரி சூட்டில் இருந்தார்.

"நாங்க வர்றதுக்கு முன்னாடி குலுக்கி வெச்சிருப்பீங்க" என்று இந்தியில் சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே மூடியைத் திருகி, அடியைப் பார்க்க பாட்டிலைச் சாய்த்தார். பாதி அவர் நெஞ்சில் கொட்டியது.

துணியோடு பாய்ந்தேன். துடைக்கத் துடைக்கப் பரவியது, திட்டோ கட்டியோ இல்லாமல், அவ்வளவு சீராக.

"தேய்க்காதீங்க!" என்று அந்தப் பெண் என் காதில் சீறினார். "ஆனா டிஸ்பர்ஷன் பிரமாதம்."

"இது போகுமா?" என்றார் தலைவர்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. "நஹீ, சார்."

டொலுயீன் நாற்றத்தோடு அவரை நிற்கவைக்க முடியாது. என் ஆய்வக கோட்டைக் கொடுத்தோம். தொப்பைக்கு மேல் பட்டன் சேராமல், அன்று முழுவதும் அதிலேயே மற்ற ஆய்வகங்களையும் பார்த்தார். திட்டம் இன்னொரு வருடம் நீண்டது. கோட்டை மட்டும் அவர் திருப்பித் தரவில்லை.