சுரங்கத்தார் அடித்த ஆப்பு

கப்பலில் கால் வைத்த அன்றே அவருக்குப் பெயர் விழுந்துவிட்டது: சுரங்கத்தார். பாதி வாழ்நாளை மண்ணுக்கு அடியில் கழித்துவிட்டு, மீசை நரைத்த பிறகு கடலுக்கு வந்தவரை வேறெப்படிக் கூப்பிடுவார்கள்?

போன இடமெல்லாம் வேலை என்னவோ ஒன்றேதான். நகரக் கூடாததை நகராமல் வைப்பது. சுரங்கத்தில் கூரைக்கு முட்டுக் கொடுத்தார். சுரங்கத்தை மூடிய பிறகு, பூமியில் துளை போடும் கோபுரம் ஒன்றில் கொஞ்ச காலம் இருந்தார். அங்கே ஸ்பேனர், சுத்தியல் எல்லாவற்றுக்கும் ஒரு வார் உண்டு; அதை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டுதான் தொட வேண்டும். ஒரு நட்டு நழுவித் துளைக்குள் விழுந்தால் அத்தனை பேர் உழைப்பும் பாழ். இப்போது, கடலில் நிற்கும் துளைக் கோபுரங்களுக்குச் சாமான் கொண்டுபோகும் இந்தச் சிறிய கப்பல். இங்கே சங்கிலி, கொக்கி, சங்கிலியை முறுக்கி விறைப்பாக்கும் இறுக்கி. வேலை முடிந்ததைச் சொல்லும் வார்த்தையும் இடத்துக்கு இடம் வேறு. சுரங்கத்தில் "நின்னுடுச்சு" என்பார்கள். கோபுரத்தில் "மாட்டியாச்சு". கப்பலில் "கட்டியாச்சு".

இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவன் மச்சான், மனைவியின் தம்பி. அதே கப்பலில் இயந்திர அறையில் இருக்கிறான். "எங்க மாமா கட்டினா மலைகூட அசையாது சார்" என்று கேப்டனிடம் அளந்துவிட்டு வந்திருந்தான். முதல் பயணம் ஒழுங்காகப் போனால் வேலை நிரந்தரம் என்று பேச்சு. வீட்டில் பையை அடுக்கிக்கொண்டே மனைவி சொன்னது வேறு. "அவன் கூட இருக்கான்னு உங்களை அனுப்பல. நீங்க கூட இருக்கீங்கன்னுதான் இனிமே நான் நிம்மதியா தூங்குவேன்." அந்தப் பேச்சைத்தான் அவர் பையோடு பையாகத் தூக்கிக்கொண்டு வந்தார்.

துறைமுகத்தில் கடைசியாக ஏறியது ஒரு பெரிய சேற்றுப் பம்பு. இரும்புச் சறுக்குப் படுக்கை மேல் உட்கார்ந்திருக்கும், யானைக்குட்டி கனம். நான்கு மூலையிலும் சங்கிலி போட்டார்கள். பக்கவாட்டில் நகராமலிருக்க, படுக்கைக்கும் தளத்தில் நீளமாக ஓடும் இரும்பு வரம்புக்கும் நடுவே மரக்கட்டைகளை வைத்து ஆப்பு அடிக்க வேண்டும். அது சுரங்கத்தாரின் பங்கு. கை அரித்துக்கொண்டிருந்த மனுஷன், சம்மட்டியை எடுத்து ஆப்புகளை ஒவ்வொன்றாக இறக்கினார். பிறகு சுத்தியலின் பின்பக்கத்தால் ஒரு தட்டுத் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டார். டங்கென்றது. இறுகிய மரம் மணி மாதிரிப் பேசும். தளர்ந்த மரம் தொண்டை கட்டினாற்போல் பேசும். இது சுரங்கத்துப் பழக்கம்.

தளத்து ஆட்களின் தலைவரான போசன் இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்து எங்கே முடிந்து தோள் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியாத ஆள்.

"என்ன டாக்டரே, நாடி பாக்கறீங்களா? கட்டியாச்சா?"

"நின்னுடுச்சு."

பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"நின்னா போதாது சுரங்கத்தாரே. ஆப்புக்குப் பின்னாடி ஒரு பலகை வெச்சு ஆணி அடிங்க."

"எதுக்கு? பூமியையே தாங்கினது இது. ஆணி கேக்காது."

போசன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கரையிலிருந்து யாரோ கயிறு அவிழ்க்கவா என்று கத்த, அந்தப் பக்கம் போய்விட்டார். மச்சான் இயந்திர அறை வாசலில் நின்று பெருமையாகத் தலையாட்டினான்.

மறுநாள் மதியம் வரை கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரிக் கிடந்தது. தளத்துக்குக் கீழே ஒரு குழாயில் கசிவு என்று மச்சான் கருவிப்பெட்டியோடு இறங்கினான். ஆள் இறங்கும் வாய், பம்புக்கும் அந்த இரும்பு வரம்புக்கும் நடுவிலிருந்த சந்தின் கடைசியில் இருந்தது. "சீக்கிரம் வந்துடுவேன் மாமா, டீயை முடிச்சுடாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் தலை மறைந்தது.

அவன் இறங்கிய பிறகு காற்று திரும்பியது. அலைகள் பக்கவாட்டில் வந்து கப்பலை இப்படியும் அப்படியும் சாய்க்க ஆரம்பித்தன. சுரங்கத்தாருக்குக் கை சும்மா இருக்கவில்லை. சந்துக்குள் குனிந்து முதல் ஆப்பைத் தட்டினார்.

தொண்டை கட்டியிருந்தது.

இன்னொரு முறை தட்டினார். அடுத்ததைத் தட்டினார். அதுவும் அப்படியே. 

"நாடி எப்படி இருக்கு டாக்டரே?" சங்கிலிகளைப் பார்த்துக்கொண்டே வந்த போசன் மேலிருந்து கேட்டார்.

"நல்லா இருக்கு" என்றார் சுரங்கத்தார்.

வாய் அதுவாகச் சொல்லிவிட்டது. போசன் நகர்ந்துவிட்டார். ஒன்றும் குடி முழுகிவிடவில்லை, இரண்டு அடியில் சரியாகிவிடும், யாருக்கும் தெரிய வேண்டாம் என்று மனம் சமாதானம் சொன்னது. சம்மட்டியை எடுத்துக்கொண்டு சந்துக்குள் நுழைந்தார். சுரங்கத்தில் முட்டு முனகினால், அதைக் கேட்டவன்தான் முதலில் ஓடி அடிப்பான். கேள்வியே கிடையாது.

ஓங்கி அடித்தார். ஆப்பு இறங்கியது. தட்டினார். டங்.

கப்பல் மறுபக்கம் சாய்ந்தது. பம்பின் கனம் அத்தனையும் அந்தப் பக்கம் போக, கட்டைக்கும் இரும்புக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விழுந்தது. இயந்திரத்தின் நடுக்கத்தில் அந்த ஆப்பு, யாரோ கீழிருந்து விரலால் தள்ளுவதுபோல, அவர் கண்ணெதிரே மெல்ல மெல்ல மேலே எழும்பியது. கப்பல் திரும்பச் சாய்ந்தபோது பம்பு அந்த இடைவெளியை இடித்து மூடியது. கொஞ்சம். ஆப்பு எழும்பிய இடத்தில் விரற்கடை அளவு நகர்ந்தே விட்டது. சங்கிலி ஒன்று தொய்ந்து, பிறகு சாட்டை மாதிரிச் சொடுக்கியது.

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. சுரங்கத்தில் மலை எந்நேரமும் மேலே உட்கார்ந்திருக்கும். அமுக்க அமுக்க ஆப்பு இறுகும். விடவே விடாது. கடல் விட்டு விட்டு அமுக்குகிறது. விடுகிற நேரத்தில் ஆப்பு கழன்றுகொள்கிறது. ஆணி அதற்காகத்தான். இத்தனை காலம் ஆப்பு பிடித்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்திருந்தார். பிடித்தது மலை.

சந்தின் கடைசியில் அந்த வாய் திறந்து கிடந்தது. பம்பு வரம்பு வரை சரிந்தால் வாய் நசுங்கும். ஏறி வருகிறவன் தலை அந்நேரம் வெளியே இருந்தால்?

அவர் பின்பக்கமாக நகர்ந்து சந்தைவிட்டு வெளியே வந்தார். 

"போசன். ஆப்பு நிக்கல. நான் பொய் சொன்னேன். பையன் கீழ இருக்கான்."

போசன் அவர் முகத்தை ஒரு கணம் பார்த்தார். திட்டவில்லை. ரேடியோவை வாய்க்குக் கொண்டுபோய், "கேப்டன், கப்பல் தலையை அலைக்கு நேரா திருப்புங்க. பம்பு அவிழுது. ஆள் கீழ" என்றார். பிறகு இவரிடம், "சந்துக்குள்ள யாரும் போகக் கூடாது. நீங்களும்தான்."

கப்பல் ஒன்றும் மாட்டுவண்டி அல்ல, இழுத்த இழுப்புக்குத் திரும்ப. அதுவரை என்ன செய்வது? கத்தினால் இயந்திர இரைச்சலில் கீழே கேட்காது. அவன் கசிவை முடித்துவிட்டு, விசிலடித்துக்கொண்டு ஏணியில் ஏறி நேரே அந்தச் சந்துக்குள்தான் தலையை நீட்டுவான். சுரங்கத்தார் சந்துக்கு வெளியே, ஏணிக்கு மிக அருகே இருக்கும் என்று கணக்குப் போட்ட இடத்தில் மண்டியிட்டு, சத்தம் கேட்டு அவன் கீழேயே நிற்கட்டும் என்று சுத்தியலால் தளத்து இரும்பை விடாமல் அடித்தார்.

தன்னைக் கூப்பிடுவதாக நினைத்தானோ என்னவோ, வாயிலிருந்து அவன் தலை எழும்பியது. "என்ன மாமா, டீ ஆறிடுச்சா?"

"இறங்கு. கீழ இறங்கு."

"என்ன..."

"இறங்குடா."

அவர் இதுவரை அவனை 'டா' போட்டதில்லை. அந்த ஒரு எழுத்துக்குத்தான் அவன் பயந்திருக்க வேண்டும். தலை மறைந்தது. கப்பல் சாய்ந்தது. பின் மூலைச் சங்கிலி அறுந்து தெறிக்க, பம்பு கரகரவென்று இழுத்துக்கொண்டு போய் வாயின் விளிம்பைத் தகர டப்பா மாதிரி நசுக்கி, வரம்பில் மோதி நின்றது.

அடுத்த சாய்வு வரவில்லை. கப்பல் திரும்பி முடித்திருந்தது. இப்போது முன்னும் பின்னுமாகத்தான் ஆடியது. போசன் ஆட்களைக் கூப்பிட்டார். புதுச் சங்கிலி போட்டார்கள், கட்டை வைத்தார்கள். சுரங்கத்தார் ஆப்பு அடித்தார். ஒவ்வொன்றின் பின்னாலும் பலகை வைத்து, போசனே ஆணி அடித்தார். மச்சானை இயந்திர அறைப் பக்கத்துத் தகடு ஒன்றைக் கழற்றி வெளியே எடுக்க மாலை ஆகிவிட்டது. முகமெல்லாம் கிரீஸ்.

நசுங்கிய விளிம்பை அவன் நெடுநேரம் பார்த்தான். "கேப்டன்கிட்ட சங்கிலி பழசுன்னு சொல்லிடலாம் மாமா" என்றான் மெதுவாக.

"நான் சொல்லிட்டேன். ஆப்பு என்னோடதுன்னு."

"வேலை?"

"கரைக்குப் போனதும் சொல்றேன்னார்."

கப்பலின் தொலைபேசி முறை அவர்களுக்கு வந்தபோது எடுத்தது சுரங்கத்தார்தான். மனைவி வழக்கம்போல் சாப்பாடு, தூக்கம் என்று ஆரம்பித்தாள். மச்சான் பக்கத்தில் நின்று வேண்டாம், வேண்டாம் என்று கையசைத்தான்.

"நான் அடிச்ச ஆப்பு கழண்டுடுச்சு" என்றார் அவர். "உன் தம்பி கீழ இருந்தான். போசன் ஆணி அடிக்கச் சொன்னார், நான் கேக்கல."

சாப்பாட்டுப் பேச்சை அவள் அங்கேயே விட்டாள்.

"இப்ப எங்க இருக்கான்?"

"என் பக்கத்துல."

"அவன்கிட்ட குடுங்க."

மச்சான் வாங்கிக்கொண்டான். "அக்கா... ஆமாக்கா... சாப்பிட்டேன்க்கா. இல்லக்கா, குளிக்கல, அதுதான் குரல் அப்படி." அவள் என்ன சொன்னாளோ, அவன் மாமாவின் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தபடி நெடுநேரம் ம் கொட்டினான்.

வாசலில் நிழல் விழுந்தது. போசன். கையில் சுத்தியல்.

"டாக்டரே, நாடி பாக்கற நேரம். இந்தத் தடவை நானும் கூட வரேன்."

இருவரும் தளத்தில் நடந்தார்கள். சுரங்கத்தார் குனிந்து தட்டினார். போசனும் குனிந்து, தன் பெரிய தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"என்ன சொல்லுது?"

சுரங்கத்தார் காதை இன்னும் கிட்டே கொண்டுபோனார். இன்னொரு முறை தட்டினார். ஆணியை விரலால் தொட்டு அசைத்துப் பார்த்தார்.

"இப்போதைக்கு நல்லா இருக்கு" என்றார். "கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி கேக்கணும்."