போயா அன்று கடல் ஏறும்

கடலுக்குள் நிற்கும் அந்தப் பழைய கோட்டைக்கு, தண்ணீர் வற்றும்போது நடந்தே போகலாம் என்றார்கள். தேயிலைக் கொழுந்து கூடிய மாதங்களில் தோட்டத்தில் எங்களுக்கு ஞாயிறும் வேலை, பௌர்ணமி நாளான போயாவுக்குத்தான் லீவு. அதனால் போயாவுக்கே நானும் கணவரும் பிள்ளையும் கந்தப்பளையிலிருந்து வேனில் போனோம்.

காலையில் கணுக்கால் தண்ணீரில் கோட்டைக்கு நடந்தோம். மத்தியானம் திரும்பும்போது பாதி வழியில் தண்ணீர் இடுப்புக்கு மேல் ஏறிவிட்டது.

"புள்ளைய தோள்ல ஏத்துங்க!" என்று கணவரிடம் கத்தினேன்.

படகில் வந்து காப்பாற்றிய மீனவர் சிங்களத்தில் திட்டினார். போயா அன்று கடல் அதிகமாக ஏறுமாம். அன்றைக்குப் பார்த்து யாராவது வருவார்களா என்றார்.

"எங்களுக்கு வேற நாள் ஏதுங்க?" தமிழில்தான் வாயில் வந்தது. அவருக்குப் புரியவில்லை.

இப்போதெல்லாம் கடல் பக்கம் போவதென்றால் முதலில் அந்த ஊர்க்காரரிடம் விசாரிக்கிறேன். "போயாவில் வேண்டாம், சாதாரண நாளில் வாருங்கள்" என்கிறார்கள்.

சாதாரண நாளில் நான் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பேன்.